வலி இல்லாத நோட்டு

அத்தியாயம் 11

கடிதம் வந்ததும், அதைப் படித்துவிட்டு ஸ்பிரிங் சமையலறை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டதும், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும் போன வாரமே உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் கல்லூரி வாலிபால் அணியின் கேப்டனாக இருந்தவள் அவள். தரையிலிருந்து எழும்பும் உயரத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர்தான் ஸ்பிரிங். இப்போது வயது நாற்பத்தாறு. இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் எலும்பு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: "காலேஜ்ல முட்டியில ஊசி போட்டாங்கன்னு சொன்னீங்களே, என்ன மருந்து? எத்தனை தடவை?" அவளுக்குத் தெரியாது. கல்லூரிக்கு எழுதிக் கேட்டாள்.

பதில் வந்தது. 'எமது பதிவேடுகளின்படி மேற்படி அணியில் எவருக்கும் எக்காலத்திலும் காயமோ வலியோ ஏற்பட்டதாகக் குறிப்பு இல்லை. தேவைப்படின் நேரில் வந்து பார்வையிடலாம்.'

எக்காலத்திலும்! பன்னிரண்டு பெண்கள் இரண்டு வருடம் சிமென்ட் தரையில் குதித்துக் குதித்து விழுந்தார்கள். ஒருத்திக்குக்கூட வலிக்கவில்லையாம். இதை டைப் அடித்த கை கொஞ்சமாவது கூசியிருக்காதா என்று எழுதுகிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

இதில் இன்னொரு சங்கடம். அதே கல்லூரிதான் அவளுடைய மகளை வாலிபால் அணிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது. இன்று மூன்று மணிக்கு ஒப்பந்தப் படிவத்தில் பெண்ணும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இடம் நிச்சயம். போடாவிட்டால் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

*

காலை ஏழே முக்கால். இரண்டாவது மாடியிலிருந்து ஸ்பிரிங் இறங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் படி இறங்குவது ஒரு தினுசு. முதுகுப் பக்கமாக இறங்குவாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குகிறவளைப் போல, ஒவ்வொரு காலாகப் பின்னால் எடுத்து வைப்பாள். அப்படி இறங்கினால் முட்டியில் குத்துவது குறைவு. கீழ் வீட்டுக்காரர் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, இப்போதெல்லாம் அவள் முதுகுக்கே வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்.

மேல் படியில் மகள். பதினேழு வயது, அம்மாவைவிட நாலு விரல் உயரம். அவளும் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

"நீ முன்னாடி போயேண்டி. எனக்காக எதுக்கு நீயும் ஊர்ந்துக்கிட்டு வர்றே?"

"பரவால்லம்மா. நீ பார்த்து இறங்கு."

இந்தக் காலத்தில் எந்தப் பெண்ணுக்கு இத்தனை பொறுமை இருக்கிறது என்று ஸ்பிரிங்குக்கு மனசு குளிர்ந்தது.

கீழே கணவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஊரில் பாதிப் பேரின் எலும்பைப் பார்த்திருக்கிறார், ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "படம் எடுக்கிறதுதான் என் வேலை. அதுல என்ன இருக்குன்னு சொல்றது டாக்டர் வேலை" என்பார். ஆஸ்பத்திரிச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்ட மனிதர். சண்டை என்றால் காத தூரம் ஓடுவார்.

"என்னங்க, இந்தக் காலேஜ் கவரை உங்க சீட்டுக்கு அடியில போட்டுக்கங்க. கடையில கசங்கிடும்."

"அங்க இடமில்ல. நீயே வச்சுக்கோ."

"ஒரு கவர் வைக்க இடமில்லாம உள்ள என்ன பீரோவா வச்சிருக்கீங்க?"

வழக்கமாக இதற்குச் சிரிப்பவர் இன்று சிரிக்கவில்லை. "மூணு மணிக்கு பாப்பாவ அழைச்சிக்கிட்டு நேரா அங்க வந்துடறேன். அந்தப் பழைய பதிவு நோட்டைப் பார்க்கணும்னா பார்த்துக்கோ. ஆனா கையெழுத்துப் போடற நேரத்துல எதையாவது பேசி காரியத்தைக் கெடுத்துடாதம்மா. இதுக்காக அவ எவ்வளவு பாடுபட்டிருக்கா."

"நான் எதுக்குக் கெடுக்கறேன்? இப்பல்லாம் ரப்பர் தரை போட்டாச்சாம். தனியா பிசியோதெரபிஸ்ட் இருக்காராம். நம்ம காலம் மாதிரி இருக்காதுன்னுதான் நானும் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

நிஜமாகவே அப்படி நினைக்கத்தான் அவள் பாடுபட்டாள். மகள் எழும்பிப் பந்தை அடிக்கும் அந்த ஒரு நொடியில், மைதான ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் கூடவே எழும்புவாள். அந்தச் சந்தோஷத்தை விட அவளுக்கும் மனசில்லை. மகளைத் தேர்வு முகாமுக்கு அழைத்துப் போனபோது பார்வையாளர் மாடப் படி ஏற முடியாமல் வீட்டிலேயே தங்கிவிட்டதுதான் அவளுக்கு இன்றுவரை குறை. அப்பாதான் கூடப் போனார்.

*

துணிக்கடையில் அவளுக்கு மூன்றாவது மாடி, திரைச்சீலைப் பிரிவு.

கடையில் லிஃப்ட் உண்டு. கண்ணாடி வைத்த அழகான லிஃப்ட். 'வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று பித்தளைத் தகட்டில் எழுதி அதன் தலையில் மாட்டியிருக்கிறார்கள். விற்பனைப் பெண்களுக்குப் படி. மேலே போய்ச் சேர்ந்தாலும் உட்கார நாற்காலி கிடையாது. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாம். இந்த மரியாதைப் பாடத்தைச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே நடத்துகிறவர் மாடி மேனேஜர்.

"மேடம், அலமாரியில சாயாதீங்க. கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"கால் வலிக்குதுன்னு நினைப்பாங்க சார்."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டாள். மேனேஜர் காது கேளாதவர் போல ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மதியம் ஸ்பிரிங்கின் ஃபோன் அடித்தது. லெஃப்டி.

அதே அணியில் இடது கையால் பந்தை அடித்து எதிரணியைத் திணறவைத்தவள். இப்போது வாரத்தில் மூன்று நாள் அதே இடது கையில் ஊசியைக் குத்தி, ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்து திருப்பி ஏற்றுகிறார்கள். அணியில் இருந்தபோது ஆட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரையை மிட்டாய் டப்பாவில் போட்டு நீட்டுவார்கள், இவர்களும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்வார்கள். பழகிப்போய், கல்லூரியை விட்ட பிறகும் லெஃப்டி வருடக்கணக்கில் தின்றாள். சிறுநீரகம் அதற்குப் பலியாகிவிட்டது.

"கேப்டன், இன்னைக்கு அந்த நோட்டைக் காட்டுவாங்களா?"

"காட்டறேன்னுதான் எழுதியிருக்காங்க."

"அது எந்த நோட்டுன்னு உனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

கடிதம் வந்த நாளிலிருந்து ஸ்பிரிங்குக்கு வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை.

தினம் காலை பயிற்சிக்கு முன் கேப்டன் ஒரு நோட்டை நிரப்பிக் கோச்சிடம் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'சரி' அல்லது 'வலி'. 'வலி' என்று வந்தால் கோச் அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "வீட்டுக்குப் போய் பாத்திரம் தேய்க்கிறதுதானே?" என்பார். இரண்டாவது முறை வந்தால் அணியிலிருந்து நீக்கம், விடுதி அறையும் காலி. ஊரை விட்டு வந்து, அந்த அறையை நம்பிப் படித்துக்கொண்டிருந்த பெண்கள்.

அதனால் கேப்டன் ஒரு வேலை செய்தாள். யாரையும் கேட்காமல் பன்னிரண்டு பேருக்கும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதல் நாள் பயந்து பயந்து எழுதினாள். போகப் போகப் பெருமையாகவே எழுதினாள். இரண்டு வருடத்தில் ஒரு 'வலி'கூட இல்லாத நோட்டு என்று கோச் அவளைத் தட்டிக் கொடுத்தார். என் பெண்களை நான் காப்பாற்றிவிட்டேன் என்று அந்த இருபது வயதுக்காரி நினைத்துக்கொண்டாள்.

"லெஃப்டி, உன் பேருக்கு எதிர்லயும் நான்தானே எழுதினேன்…"

"எழுதாம இருந்திருந்தா மறுநாளே நான் பெட்டியைக் கட்டியிருப்பேன். உன்மேல எனக்கு என்னடி கோபம்? பயப்படற பொண்ணுங்க பயந்து எழுதினதை இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருந்து, இப்ப எடுத்து நீட்டறான் பாரு அந்தக் கோச், அவனைச் சொல்லணும்." லெஃப்டிக்கு மூச்சு வாங்கியது. "கையில கொடுத்தான்னா கிழிச்சுப் போட்டுட்டு வா."

*

கல்லூரியின் உடற்கல்வித் துறை அறை முதல் மாடியில். இங்கே லிஃப்டே கிடையாது. ஸ்பிரிங் ஏறி முடிப்பதற்குள் கணவரும் மகளும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். மகள் இங்கேயும் அம்மாவோடு ஒவ்வொரு படியாகத்தான் ஏறினாள்.

அன்றைய கோச் இன்று துறை இயக்குநர். எழுபதைத் தொடப்போகிறார், ஆனால் அவர்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். குதிக்கச் சொன்னவர் முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் கண்ணாடி அலமாரியில் அன்று அவர்கள் ஜெயித்து வந்த கோப்பையும் அணியின் புகைப்படமும்.

"வாம்மா ஸ்பிரிங்! என்ன இப்படி நடந்து வர்றே? வெயிட் போட்டுட்டே, அதான். உன் பொண்ணு உன்னைவிட எழும்பறா தெரியுமா?"

வெயிட் போட்டுவிட்டாளாம். ஸ்பிரிங் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கணவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலோரமே நின்றுவிட்டார்.

இயக்குநர் படிவத்தைத் தள்ளினார். "மூணு பேரும் கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது."

"படிச்சுட்டுப் போடறேன் சார்."

"எல்லாம் வழக்கமான ஷரத்துதாம்மா."

அவள் படித்தாள். முதல் பக்கத்தில் ஒன்றுமில்லை. இரண்டாம் பக்கம் ஏழாவது ஷரத்து: 'பயிற்சியினாலோ போட்டியினாலோ பின்னாளில் தோன்றும் உடல் உபாதை எதற்கும் நிர்வாகம் பொறுப்பாகாது. தகுதிப் பதிவேட்டில் மாணவி அன்றாடம் இடும் கையொப்பமே அவரது உடல்நிலைக்கு இறுதிச் சான்றாகும்.'

இரண்டாவது தடவையும் படித்தாள். தரைக்கு ரப்பர் போட்டிருந்தார்கள். நோட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"சார், நோட்டு இன்னும் இருக்கா?"

"ஏன் இல்லாம? ஒழுங்குன்னா அதுதானே. இப்ப பொண்ணுங்களே தனித்தனியா எழுதிடறாங்க."

"எங்க நோட்டைக் காட்டுங்க. வந்து பார்க்கலாம்னு எழுதியிருந்தீங்களே."

அவர் தயாராகவே எடுத்து வைத்திருந்தார். நீல அட்டை, ஓரம் கரையான் அரித்திருந்தது. திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

"பார்த்துக்கோ. யார் கையெழுத்து? இதை வச்சுக்கிட்டு ஊசி போட்டாங்க, மாத்திரை கொடுத்தாங்கன்னா யாரும்மா நம்புவா? நீயேதானே 'சரி'ன்னு எழுதியிருக்கே!"

உருண்டை உருண்டையான அவளுடைய எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சரி, சரி, சரி. இறுதிப் போட்டி நாளுக்குப் புரட்டினாள். அன்று காலை அவளால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. லெஃப்டிதான் முதுகில் சுமந்து உபகரண அறைக்குக் கொண்டுபோனாள். வலைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, பெயர் ஒட்டாத பாட்டிலிலிருந்து இரண்டு முட்டியிலும் ஏற்றினார்கள். சத்து ஊசி என்றார்கள். அந்த நாளுக்கு எதிரிலும் 'சரி'.

"நான்தான் எழுதினேன் சார். ஏன் எழுதினேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் பழைய கதை…"

"பழைய கதையா? லெஃப்டி இன்னைக்கும் மெஷின்ல படுத்திருக்கா சார்! நான் மூணு மாடி ஏறி நாள் பூரா நிக்கறேன். டாக்டர் எத்தனை ஊசின்னு கேட்டா முழிக்கறேன். என் முட்டிக்குள்ள என்ன போட்டீங்கன்னு எனக்குத் தெரியக்கூடாதா? அந்தக் கோப்பையைத் துடைச்சுத் துடைச்சு வச்சிருக்கீங்களே, அதைக் கொண்டுவந்த பன்னிரண்டு பேர்ல ஒருத்தியையாவது இந்த இருபத்தாறு வருஷத்துல எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கீங்களா?"

வாசலில் கணவர் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா… கொஞ்சம்…"

"நீங்க சும்மா இருங்க."

இயக்குநரின் முகம் கறுத்துவிட்டது. "இங்க பாரு, பொண்ணு எதிர்காலம் வேணுமா வேணாமா? கையெழுத்துப் போடறதுன்னா போடு. இல்லேன்னா வெளியில ஆள் காத்திருக்கு."

அவள் பேனாவை எடுத்தாள். அப்பாடா என்று அவர் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் படிவத்தைத் தொடவில்லை. லெஃப்டி சொன்னது ஞாபகம் வந்தது. கிழித்தால் அவருக்குத்தான் லாபம், குப்பைக்கூடையோடு போய்விடும். நோட்டை இழுத்து, கடைசிப் பக்கத்தில் மிச்சமிருந்த வெற்றிடத்தில் இன்றைய தேதியை எழுதினாள். தன் பெயரை எழுதினாள். எதிரே, பழைய அதே உருண்டை எழுத்தில், 'வலி' என்று எழுதினாள். கீழே 'வலது முட்டி, இடது முட்டி. மேலே எழுதிய சரிகள் பயந்து எழுதியவை' என்று சேர்த்துக் கையெழுத்திட்டாள். லெஃப்டிக்காக இன்னொரு வரி விட்டுவைத்தாள்.

"என்ன பண்றே நீ? இது கல்லூரி ஆவணம்!"

"தெரியும் சார். இறுதிச் சான்று. நீங்கதானே எழுதியிருக்கீங்க."

ஃபோனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். பெண் அழுவாள், இல்லாவிட்டால் கத்துவாள், என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாயே என்பாள் என்று எதிர்பார்த்தாள். அதற்கெல்லாம் பதிலும் யோசித்து வைத்திருந்தாள்.

மகள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதைக் கொஞ்சம் கொடு. நானும் எழுதணும்."

"நீ என்னத்தை எழுதப் போறே?"

"ரெண்டு மாசமா இடது முட்டி வலிக்குதும்மா. முகாம்ல குதிச்சப்ப ஏதோ சொடுக்குன்னுது. வலின்னு சொன்னா எடுக்க மாட்டாங்கன்னு…" அவள் முட்டியைத் தடவிக்கொண்டாள். "நான் நொண்டறதைப் பார்த்துட்டு அங்கேயே ஒரு ஊசி போட்டாங்க. அன்னைக்கு வலிக்கல. மறுநாள்லேர்ந்து படி இறங்க முடியல."

காலையில் பார்த்த பொறுமை என்னவென்று ஸ்பிரிங்குக்கு இப்போது தெரிந்தது. எனக்காக ஊர்ந்து வருகிறாள் என்று பூரித்துப்போன தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"யாரைக் கேட்டு எம்பொண்ணுக்கு ஊசி போட்டீங்க? அவளுக்கு வயசு பதினேழு. பெத்தவங்க சம்மதம் இல்லாம…"

"சம்மதம் இருக்கும்மா," என்றார் இயக்குநர். முதல் முறையாக அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. "கையெழுத்து வாங்கிட்டுத்தான் போட்டோம்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்பிரிங் மெல்ல வாசல் பக்கம் திரும்பினாள்.

ஹெல்மெட் கணவரின் கையில் உருண்டுகொண்டிருந்தது.

"ஒரே ஒரு ஊசிதான்னு சொன்னாங்கம்மா," என்றார். "அவ ஆசைப்பட்டா. உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டேன்னு… போன வாரம் நானே படமும் எடுத்துப் பார்த்தேன்."

"படத்துல என்ன இருக்கு?"

"அதை டாக்டர்தான்…"

"இருபது வருஷமா எலும்பைப் பார்க்கறீங்க. உங்களுக்குத் தெரியாதா? என்ன இருக்கு?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வண்டி சீட்டுக்கு அடியிலதானே இருக்கு அந்த எக்ஸ்ரே கவர்?"

தலையாட்டினார்.

"நான் போய் எடுத்துட்டு வரேன்மா," என்று மகள் எழுந்தாள்.

"நீ உட்காரு. இனிமே நீ தேவையில்லாம ஒரு படிகூட இறங்கக் கூடாது." பெண்ணின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். இயக்குநர் நோட்டை நோக்கி நீட்டிய கையைப் பார்த்து, "அதை மூடாதீங்க சார், இன்னும் எழுதி முடிக்கல" என்றாள். பேனாவை மகளிடம் கொடுத்தாள். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க போய் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அவர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. அந்தக் குடும்பத்தில் அப்படி இறங்க முடிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான்.